நந்திமலை அடிவாரத்துத் துவர்ப்பு

மேட்டுநிலப் பந்தி – 17

ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளியில் தக்காளி வைக்கும் விவசாயிகளுக்கு போர்டோ என்ற பெயர் புதிதல்ல. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, ஒன்றாகச் சேர்த்து, கருகல் நோய்க்குத் தெளிக்கும் நீலக் கரைசல்தான் போர்டோ கலவை. அந்தப் பெயர் பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் ஒரு துறைமுக நகரத்திலிருந்து வந்தது. 1880களில் அந்த வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களை அடிச்சாம்பல் நோய் தின்றுகொண்டிருந்தது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துவிடக் கூடாது என்பதற்காகச் சாலையோரக் கொடிகளுக்கு மட்டும் சில தோட்டக்காரர்கள் இந்த நீல மருந்தை அடித்து வைத்திருந்தார்கள். மருந்து பட்ட கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885இல் அதை முறையாகச் சோதித்து உலகுக்குச் சொன்னார். அன்று தப்பிப் பிழைத்த கொடிகளில் முக்கியமானது கேபர்னே சோவிஞான். போர்டோவின் பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களின் முதுகெலும்பு அந்தத் திராட்சை.

அதே திராட்சை இன்று உத்தனப்பள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் சுமாரில், நந்திமலை அடிவாரத்தில் விளைகிறது. அதிலிருந்து இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின் வடிக்கிறார்கள். தொடரின் இந்த வாரம் அதற்கு. சீமைச் சரக்கு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட இந்தப் பானம் நம் மேட்டு நிலத்தின் விளைபொருள் என்பதும், இதை அளந்து பார்க்க வேண்டிய இடம் நம் சாப்பாட்டுத் தட்டு என்பதும் என் உறுதியான எண்ணம்.

நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். தென்பெண்ணை பிறப்பது நந்திமலைத் தொடரில். பெங்களூரின் கிழக்குப் பக்கமாக இறங்கி, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. இரண்டு மாநிலமாகப் பிரிந்து கிடந்தாலும் இது ஒரே பீடபூமி. கடல் மட்டத்துக்கு மேல் எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் உயரம், கருங்கல் பாறை சிதைந்து உண்டான செம்மண், சூடான பகலுக்குப் பின் குளிர்ந்துவிடும் இரவு. கேழ்வரகும் கொள்ளும் அவரையும் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. பசுமைக்குடிலில் ரோஜாவும் குடைமிளகாயும் இரண்டு பக்கமும் வந்துவிட்டன.

திராட்சையும் இங்கே நேற்று வந்ததல்ல. தென்னிந்தியாவில் சேலம், மதுரை மாவட்டங்களுக்குக் கிறிஸ்தவப் பாதிரிமார்கள் 1832 வாக்கில் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தார்கள் என்று தோட்டக்கலை நூல்கள் பதிவு செய்கின்றன. ஓசூர் வட்டாரம் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தர்மபுரி பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். எல்லைக்கு அப்பால் தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர் பக்கங்களில் வேரூன்றியது பெங்களூர் நீலம் என்ற கருநீலத் திராட்சை. தடித்த தோல், கொட்டை, தூக்கலான புளிப்பு, அறை முழுக்கப் பரவும் வாசனை. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாறு பிழியவும் ஜாம் காய்ச்சவும் அது அருமையான பழம். ஆனால் அமெரிக்கத் திராட்சை இனத்தின் ரத்தம் அதில் ஓடுவதால் உண்டாகும் அந்தக் கனத்த வாசனை, இனிப்பில்லாத ஒயினுக்கு ஒத்துவராது. அதனால் சர்க்கரை தூக்கலான போர்ட் வகை ஒயின்களுக்கு அது போயிற்று. நம்மில் பலருக்கு ஒயின் என்றாலே கிறிஸ்துமஸ் கேக்கோடு வரும் இனிப்புச் சாறு என்று நினைவில் பதிந்திருப்பதற்கு அந்த போர்ட் வகைகளே பெரிய காரணம்.

இதை மாற்றியவர் கன்வல் குரோவர். மும்பையில் இயந்திரத் தொழில்நுட்ப வணிகம் செய்தவர். பிரான்சோடு கொடுக்கல் வாங்கல் இருந்ததால் அங்கத்திய ஒயினில் தோய்ந்தவர். இந்திய மண்ணில் அதைச் செய்ய முடியுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஷாம்பெய்ன் பகுதியின் திராட்சை வல்லுநர் ஜார்ஜ் வெசெலின் துணையோடு இடம் தேடி, பிரெஞ்சுத் திராட்சை வகைகள் பலவற்றை நட்டுச் சோதித்து, கடைசியில் தொட்டபள்ளாப்பூரைத் தேர்ந்தார். 1988இல் குரோவர் திராட்சைத் தோட்டம் நிறுவனமாயிற்று. 1990களின் நடுவில் போர்டோவின் பெயர்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் வந்து சேர்ந்தார். அந்தக் கூட்டு முயற்சியில் உருவானதுதான் லா ரிசர்வ். கேபர்னே சோவிஞான் பெரும்பங்கு, ஷிராஸ் சிறுபங்கு, பிரெஞ்சு ஓக் பீப்பாயில் முதிர்ச்சி. கன்வல் குரோவர் 2011இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நாசிக்கின் ஒரு ஒயின் ஆலையோடு இணைந்து நிறுவனம் குரோவர் ஸாம்பா ஆயிற்று. கர்நாடக அரசு 2007இல் திராட்சைக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வகுத்தபோது, இந்தத் தோட்டம் ஏற்கெனவே கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

இரண்டு திராட்சைகளின் பூர்வீகத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபர்னே சோவிஞானின் தாய் தந்தையர் யார் என்று 1997இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணு வழியாகக் கண்டு சொன்னார்கள். ஒன்று கேபர்னே ஃப்ராங்க் என்ற கறுப்புத் திராட்சை. இன்னொன்று சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை. யாரும் திட்டமிடாமல், தோட்டத்தில் தானாக நடந்த கலப்பு. ஷிராஸ் ஈரானிலிருந்து வந்தது என்ற கதை நெடுங்காலம் உலவியது. அதுவும் பிரெஞ்சுக் கொடிதான் என்று மரபணு ஆய்வு முடிவுகட்டியது. ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் திரட்டிய கொடித் துண்டுகளோடு அது 1832இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது; சேலத்துப் பாதிரிமார்கள் கொடி நட்ட அதே காலம்.

பிரான்சில் இந்தக் கொடிகள் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் தானாகத் துளிர்க்கும், செப்டம்பர் அக்டோபரில் பழுக்கும். நம் பீடபூமியில் கொடி உறங்குவதே இல்லை. விட்டால் ஆண்டு முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்துவது கவாத்துக் கத்திரி. ஏப்ரலில் ஒரு கவாத்து, கிளைக்காக. மழை ஓயும் அக்டோபரில் இன்னொரு கவாத்து, காய்க்காக. மார்கழிக் குளிரில் காய் பெருத்து, பிப்ரவரி தொடங்கி வெயில் ஏறும் நாட்களில் அறுவடை. பெங்களூர் நீலத்தை ஆள் உயரப் பந்தலில் படரவிட்டு ஆண்டுக்கு இரண்டு மகசூல்கூட எடுப்பார்கள். ஒயின் திராட்சையைக் கம்பி வரிசையில் நிமிர்த்திக் கட்டி, குலைகளைக் குறைத்து, ஒரே ஒரு மகசூல் எடுப்பார்கள். பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். சதை கொஞ்சம், தோலும் கொட்டையும் அதிகம். சாப்பிட அது நல்ல பழமல்ல. ஒயினுக்கு வேண்டியது அந்தத் தோல்தான்.

ஏனென்றால் கறுப்புத் திராட்சையானாலும் உள்ளே இருக்கும் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நசுக்கிய பழத்தைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்துப் பல நாட்கள் நொதிக்கவிட்டால்தான் சிவப்பு இறங்கும், துவர்ப்பும் இறங்கும். நன்றாகப் பழுத்த திராட்சையின் ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 230 கிராம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு விழுக்காடு ஆல்கஹால். கடைசிச் சர்க்கரை வரை தின்று முடித்தால் 13, 14 விழுக்காடு ஆல்கஹாலோடு இனிப்பற்ற ஒயின் நிற்கும். டிரை என்று பாட்டிலில் அச்சிடுவது இதைத்தான். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சக் கூடாது. புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி உண்டு.

குரோவர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, சுவைத்துப் பார்க்கவும் தருகிறார்கள் என்று கேட்டு, உத்தனப்பள்ளி நண்பர் ஒருவரோடு போயிருந்தேன். தக்காளியும் கோஸும் வைப்பவர். மருந்து, கவாத்து, சொட்டுநீர் பற்றி அவர் கேட்ட கேள்விகளில் பாதி எனக்குத் தோன்றியிருக்காது. கோப்பை கைக்கு வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"ண்ணா, இதுல துளிகூட இனிப்பு இல்லையே. பாக்கைக் கடிச்ச மாதிரி வாயை இழுக்குது. இப்படித்தான் இருக்கணுமா?"

"இப்படித்தான் இருக்கணும். அந்த இழுப்புதான் இதோட உயிர்" என்றேன்.

அவர் சொன்ன பாக்கு மிகச் சரி. பாக்கிலும் சிவப்பு ஒயினிலும் இருப்பது டானின் குடும்பத்துப் பொருள்கள். நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும், கறுத்துப்போகும்வரை காய்ச்சிய தேநீரிலும் அவை உண்டு. எச்சிலில் வழுவழுப்பைத் தருவது புரதம். டானின் அந்தப் புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்தது போல் ஆகின்றன. கிருஷ்ணகிரியை அடுத்த வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டது இதே வேதிவினையால்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறவைத்த நீரில் டானின் இறங்கி, தோலின் புரதத்தோடு பிணைந்து, அழுகாத தோலாக்கிவிடும். அறுசுவையில் துவர்ப்புக்கு ஓரிடம் கொடுத்து, வாழைப்பூவையும் சுண்டைக்காயையும் விருந்தில் வைக்கும் நமக்கு இந்த ஒயின் அந்நியமாக இருக்க நியாயமில்லை. ஒயினில் இனிப்பைத் தேடும் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது.

வாசனைக்கு வருகிறேன். என் ஆசையெல்லாம் இந்த இடத்தில்தான். கோப்பையை மெல்லச் சுழற்றி முகர்ந்தால் முதலில் வருவது நாவல்பழம். பின்னாலேயே மிளகு. இந்த மிளகு மணம் கற்பனையில்லை. ஷிராஸின் மிளகு மணத்துக்குக் காரணம் ரோடண்டோன் என்ற பொருள் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் கண்டறிந்தார்கள். நம் கறுப்பு மிளகின் மணத்திலும் அதே ரோடண்டோன்தான் இருக்கிறது. கேபர்னே சோவிஞான் கொஞ்சம் முன்கூட்டியே பறிக்கப்பட்டிருந்தால் பச்சைக் குடைமிளகாய் மணக்கும். இரண்டிலும் இருப்பது பைரசின் வகையைச் சேர்ந்த ஒரே பொருள். ஓசூர்ப் பசுமைக்குடிலில் குடைமிளகாய் பறிக்கும் பெண்ணுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓக் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டும்போது மரத்திலிருந்து வனிலின் வெளிப்படும். வனிலாக் காயின் மணம் அது. கிராம்பின் மணத்தைத் தரும் யூஜினாலும் மரத்திலிருந்தே வருகிறது. மிளகு, கிராம்பு, நாவல், குடைமிளகாய்: நம் அஞ்சறைப்பெட்டியும் சந்தைக்கூடையும் தெரிந்த மூக்குக்கு இந்த ஒயினைப் படிக்க வேறு அகராதி வேண்டாம்.

எதோடு சாப்பிடுவது? பாலாடைக் கட்டி, வாட்டிய மாட்டிறைச்சி என்று ஐரோப்பியர் வழக்கம் ஒன்று உண்டு. அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் நம் தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். டானின் வாயில் புரதத்தைத் தேடுகிறது. கொழுப்பும் புரதமும் உள்ள இறைச்சி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். ஒயின் மென்மையாகத் தெரியும், கறியின் பிசுபிசுப்பும் துடைத்தது போல் நீங்கும். உப்பு கசப்பை அடக்கும். ஆக, நல்ல கொழுப்புள்ள ஆட்டுக்கறியில் உப்பும் மிளகும் போட்டு, தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ விட்டுச் சுருள வதக்கிய மிளகு வறுவல், லா ரிசர்வ் போன்ற ஒயினுக்கு இந்த உலகத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த துணைகளில் ஒன்று என்று நான் துணிந்து சொல்வேன். மிளகு மணம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருகிறது.

களியும் பொருந்தும். பெங்களூரில் உறவினர் வீட்டில் கேழ்வரகுக் களியும், மல்லி தூக்கலாக அரைத்துப் புளி சேர்க்காமல் வைத்த நல்லியெலும்புக் குழம்பும் வைத்துச் சாப்பிட்டோம். கேழ்வரகுத் தோலிலேயே டானின் உண்டு. அந்த மண்வாசனைச் சுவையோடு ஒயினின் துவர்ப்பு ஒட்டிக்கொண்டது. களி வாயில் நிற்கும் நேரம் குறைவு, விழுங்கிவிடுவோம். குழம்பின் கொழுப்புதான் ஒயினை ஏற்றுக்கொள்கிறது. மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு, கறி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், இதற்குக் குறைந்ததல்ல. சைவக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அதையே. அடுத்ததாக, எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துவிட்ட எண்ணெய்க் கத்தரிக்காய், புளியைப் பாதியாகக் குறைத்து. கொள்ளு மசியலும் நன்றாகவே போகும், பூண்டை நெய்யில் தாளித்தால்.

பொருந்தாதவையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மிளகாய்க் காரம் ஆல்கஹாலோடு சேர்ந்தால் எரிச்சல் ஏறும், டானின் அதைக் கூர்மையாக்கும். சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூள் போட்ட நாட்டுக்கோழி வறுவலுக்கு முன்னால் இந்த ஒயின் தோற்றுவிடும், கறியும் கெடும். புளிக்குழம்பும் ரசமும் ஒயினின் புளிப்பைத் தின்று அதைச் சப்பென்று ஆக்கிவிடும். இனிப்புப் பலகாரம் கசப்பைக் கிளப்பும். கிருஷ்ணகிரி அணையருகே சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனை நினைத்து ஏங்குகிறவர்கள் அதைத் தனியே சாப்பிடட்டும். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியைப் பெருக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் நிறுவினார்கள்.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சையும் இங்கே தொட்டாக வேண்டும். 1991இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, கொழுப்பு தின்னும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு ஒயின் என்று பேசியது. அதிலிருந்து பரவிய நம்பிக்கை அது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொன்னது: உடலுக்குத் தீங்கில்லாத மது அளவு என்று ஒன்று கிடையாது. குடிக்காதவர் மருந்தென்று எண்ணி இதைத் தொடங்க வேண்டாம். குடியால் சிதைந்த வீடுகள் நம் தெருவெல்லாம் இருக்கின்றன. அவற்றை மறந்துவிட்டு இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. சாப்பாட்டோடு ஒரு கோப்பை, அதோடு நிறுத்தம் என்ற ஒழுங்கு உள்ளவர்களுக்கான பானம் இது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நிலத்தைப் பற்றியது. திராட்சைக் கொடி மூன்றாம் ஆண்டுதான் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கும். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் காய்க்கும். கொடி முதிர முதிர ஒயினும் தேறும். அப்படிக் காத்திருக்க நிலம் கையில் நிலைக்க வேண்டும். தேவனஹள்ளியில் 2008இல் விமான நிலையம் திறந்தது முதல் சுற்றியுள்ள திராட்சைப் பந்தல்களும் பம்பளிமாஸ் தோப்புகளும் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. இந்தப் பக்கம், உத்தனப்பள்ளியைச் சுற்றி மின்னணு ஆலைகளும் அவற்றுக்கான விடுதிகளும் எழுந்துவிட்டன. சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலத்தை எடுக்காதீர்கள் என்று உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் 2023இல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆலைகளால் இந்த ஊர்ப் பெண்களுக்குச் சம்பளம் வந்தது உண்மை, அது பெரிய காரியம். ஆனாலும், போர்டோவின் வல்லுநர் தேடி வந்து நிற்கும் தரமுள்ள மண்ணின் தொடர்ச்சி நம் காலடியில் இருக்கிறது. அதை வெறும் கட்டுமான மனையாகக் கணக்குப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் என் நண்பர் அதையேதான் வேறு விதமாகக் கேட்டார்: "நம்ம மண்ணுலயும் இது வரும்ல ண்ணா?" வரும். ஆனால் வாங்கிக்கொள்ள அருகில் ஒரு ஒயின் ஆலையும், நிலம் போகாது என்ற உறுதியும் சேர்ந்து வர வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். பாட்டிலில் அறுவடை ஆண்டு அச்சிட்டிருக்கும்; இந்தியச் சிவப்பு ஒயின்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கானவை, பரணில் போட்டு வைத்தால் நம் கோடை வெப்பமே கெடுத்துவிடும். அறை வெப்பநிலையில் பரிமாறு என்று எழுதியிருப்பதை ஐரோப்பிய அறை என்று கொள்ள வேண்டும். 16 முதல் 18 டிகிரி. சித்திரை வெயிலில் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். திறந்த பாட்டிலை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மிஞ்சியதை ஆட்டுக்கறி வேகவைக்கும்போது ஊற்றலாம். கர்நாடகத்தில் வாங்கிய மதுவை அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதால், எல்லையிலுள்ள ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கமே சுவைத்துவிட்டு, ஓட்டுநர் ஒருவரைக் குடிக்காமல் வைத்துத் திரும்புவதே முறை.

அடுத்த வாரம் தெற்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்குப் போகிறோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் ஆண்டு முழுவதும் சந்தைக்கு வருவது எப்படி என்று பார்க்கலாம்.